வந்தாரைப் பேசவைக்கும் குழு

மனித குலத்தின் போக்கையே மாற்றிய கூட்டங்களை எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அவற்றில் ஒன்று வட ஆப்பிரிக்காவில் கடலோரம் இருக்கும் நம் ஸீதி பூலால் நகராட்சி மாடியில், விசிறி ஓடாத அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது, பதினொன்றரைக்குத் தொடங்கியது. வரலாறு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், வந்ததும் முதலில் காப்பி கேட்கும்.

தீர்மானம் ஒரே வரி. "நம் ஊரில் குடியேறும் அயலார் அனைவரும் நம் மொழியாம் அரபியைக் கற்றே தீர வேண்டும்." இதன்மேல் இரண்டு மணி நேரம் உருக்கமான விவாதம் நடந்தது. விவாதம் முழுவதும் பிரெஞ்சு மொழியில். நம் மொழியின் பெருமையைப் பிரெஞ்சில் சொன்னால்தான் அதன் ஆழம் விளங்கும் என்பது குழுத் தலைவர் முனைவர் லஸ்ரக்கின் துணிபு. அவர் லியோன் நகரில் பதினொரு ஆண்டுகள் படித்தவர். தாய்மொழியின் அருமை தூரத்தில் இருந்தால்தான் தெரியும் என்று திரும்பி வந்தும் தூரத்திலேயே இருப்பவர்.

மூலை நாற்காலியில் முகத்தம் அல்லால் உட்கார்ந்திருந்தார். முகத்தம் என்றால் பேட்டைக்கு ஒருவர். யார் குடிவந்தார், யார் காலி செய்தார், யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று அரசாங்கத்துக்குச் சொல்கிற கண்ணும் காதும் அவர்தான். அவர் வாய்திறந்து "ஆமாம், இவர் இங்கேதான் குடியிருக்கிறார்" என்று சொல்லாமல் ஒருவரும் இந்த ஊரில் குடியிருக்க முடியாது, இருபது வருடமாகக் குடியிருந்தாலும் முடியாது. அல்லாலுக்குப் பிரெஞ்சில் சுமார் இருபது வார்த்தை தெரியும். அவற்றில் எதுவும் அன்று பேச்சில் வரவில்லை. மற்றவர்கள் தட்டியபோது அவரும் கை தட்டினார். கடைசியில் "குழுவின் மக்கள் பிரதிநிதி" என்று தன்னை நியமித்திருப்பது தெரிந்தபோது, இன்னொரு முறை தட்டினார்.

குழுவுக்கு 'வந்தாரைப் பேசவைக்கும் குழு' என்று பெயர். விதி எளிமையானது. மொழித் தேர்வில் தேறினால் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப்படும். தேறாவிட்டால் கோப்பு காவல்படைக்குப் போகும், ஆள் தெற்கே போகிற பஸ்ஸுக்குப் போவார்.

முதல் இரண்டு விண்ணப்பங்களும் அல்லாலின் பேட்டையிலிருந்தே வந்தன. அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஒருவர் மெசியூ அர்மான், பிரெஞ்சுக்காரர். கடல் மதிலை ஒட்டிய நீலக் கதவு வீட்டில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். அவர் தாய்நாட்டை விட்டு வந்த காரணம் ஊருக்கே தெரியும், ஏனென்றால் சந்திக்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். "எங்க நாட்டுக்குப் பிழைக்க வர்றவங்க எங்க மொழியக் கத்துக்கவே மாட்டேங்கிறாங்க. மனசு விட்டுப்போச்சு. அதான் இங்க வந்துட்டேன்." இதைப் பிரெஞ்சில் சொல்வார். கேட்கிறவர்களும் பிரெஞ்சில் வருத்தப்படுவார்கள். காய்கறிக்காரர் அவருக்குப் பிரெஞ்சில் கத்திரிக்காய் விற்றார், கழுதை வண்டிக்காரர் பிரெஞ்சில் வழி கேட்டார். வெள்ளை முகத்தைக் கண்டதும் வாயில் பிரெஞ்சு தானாக வந்துவிடுவது நம் ஊர்க்காரர்களுக்குப் பிறவிக் குணம். எப்போதாவது மெசியூ அர்மான் "ஷுக்ரான்" என்று நன்றி சொன்னால் காப்பிக்கடையே எழுந்து நிற்கும்.

இன்னொருவர் தையற்காரர் தியர்னோ பால்டே, கினியா நாட்டுக்காரர். வந்து நாலு வருடம். ஊர் அவரை "அந்த ஆப்பிரிக்காக்காரன்" என்று சொல்லும், ஆப்பிரிக்கா நமக்குத் தெற்கே எங்கோ தொடங்குகிறது என்பது நம் ஊர்ப் பள்ளிக்கூடப் புவியியல். ஆனால் கஃப்தான் என்கிற நீளமான கல்யாண அங்கி தைக்கக் கொடுக்கிற பெண்கள் மட்டும் "மாஸ்டர்" என்று கூப்பிடுவார்கள். முன்பக்கம் கழுத்திலிருந்து பாதம் வரை வரிசையாக வருகிற பட்டு நூல் பொத்தான்களை விரலாலேயே முடிவதில் அவருக்கு நிகர் ஆள் இல்லை. அல்லாலின் மகள் இப்திஸாமின் கஃப்தானும் அப்போது அவர் மடியில்தான் கிடந்தது. நூற்று இருபது பொத்தானில் எண்பது முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்.

அல்லால் கடைக்குப் போய்ச் செய்தி சொன்னார்.

"மாஸ்டர், பரீட்சை வச்சிருக்காங்க. பேசத் தெரியுதான்னு பாப்பாங்களாம்."

"யாருக்கு அண்ணே? உங்களுக்கா?"

"வாய்க்கொழுப்பு! உனக்குத்தான்."

"அப்போ ஒண்ணு சொல்லுங்க. பேசத் தெரியுதான்னு பாப்பாங்களா, பேசாம இருக்கத் தெரியுதான்னு பாப்பாங்களா? ரெண்டாவதுன்னா நான் தேறமாட்டேன்."

அல்லால் வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த ஆள் தேறாவிட்டால் உலகத்தில் யார் தேறுவார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

தேர்வு நாள் வந்தது. மெசியூ அர்மான் முதலில் அழைக்கப்பட்டார். முனைவர் லஸ்ரக் எழுந்து கை குலுக்கி, நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு, தேர்வை நடத்தினார். மெசியூவுக்குச் சிரமம் வரக்கூடாது என்று கேள்விகள் பிரெஞ்சில் கேட்கப்பட்டன.

"எங்கள் மொழியில் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

மெசியூ அர்மான் கண்களை மூடினார். நெற்றியில் வியர்வை அரும்பியது. பத்தொன்பது வருட உழைப்பும் திரண்டு வந்தது.

"ஷுக்ரான்."

அறையே கை தட்டியது. ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன உச்சரிப்பு!" என்றார் முனைவர். "இதற்கு மேல் கேட்பது நாகரிகம் அல்ல."

அடுத்து தியர்னோ. அவருக்கு நாற்காலி இல்லை. முனைவர் ஒரு தாளை எடுத்து, தொண்டையைச் செருமி, நாம் வீட்டிலும் தெருவிலும் பேசாத, ஏட்டில் மட்டும் வாழ்கிற உயர்ந்த அரபியில் படித்தார்.

"விண்ணப்பித்தோய்! நும் உறையுள் யாண்டுளது? நும் தொழில் யாது?"

அல்லால் இதைப் பிரார்த்தனை என்று நினைத்து "ஆமீன்" என்றார்.

தியர்னோ தலை தாழ்த்தினார். "ஐய, என் உறையுள் மீன்சந்தைக்கு வடபால் உளது. துணி வெட்டலும் தைத்தலும் என் தொழில்."

முனைவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். பதில் வரும் என்று அவர் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அடுத்த கேள்வியே தாளில் இல்லை.

"இது எங்கே படித்தாய்?"

"சின்ன வயசுல எங்க ஊர் ஓதுற பள்ளியில படிச்சதுங்க. தெருப்பேச்சு இங்க வந்து கத்துக்கிட்டது."

"எத்தனை வருடத்தில்?"

"நாலு வருஷம் மூணு மாசம்."

முனைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மற்ற உறுப்பினர்களோடு பிரெஞ்சில் ஏதோ தணிந்த குரலில் பேசினார். பிறகு தியர்னோவைப் பார்த்து, "மெசியூ அர்மானுக்குப் பத்தொன்பது வருடத்தில் ஒரு வார்த்தை. அதுவே அபாரம். உனக்கு நாலு வருடத்தில் எல்லா வார்த்தையுமா? கணக்கு இடிக்கிறதே" என்றார்.

"ஐயா, அவருகிட்ட எல்லாரும் பிரெஞ்சுல பேசுறாங்க. எனக்கும் பிரெஞ்சு நல்லாவே தெரியும். ஆனா இந்த நாலு வருஷத்துல ஒருத்தர்கூட என்கிட்ட அதுல பேசல. உங்க பேச்சுலதான் திட்டினாங்க, பேரம் பேசினாங்க, அளவு குடுத்தாங்க. பதில் சொல்லணும்ல?"

அறை இறுகிப்போனது.  அல்லால் மகளின் கஃப்தானில் இன்னும் இருபத்தைந்து பொத்தான் பாக்கி என்பது ஒரு பக்கம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அவருக்குப் பொத்தான் நினைவில்லை. நல்ல ஆள் ஒருவன் அநியாயமாக மாட்டுகிறானே என்ற துடிப்புதான் இருந்தது. எழுந்துவிட்டார்.

"ஐயா, நான் பேட்டை முகத்தம். நான் சாட்சி சொல்றேன். இவர் நம்ம ஆளு மாதிரிங்க. பேரம் பேச ஆரம்பிச்சா மீன்காரிகளே கூடைய வச்சுட்டு ஓடிருவாங்க. நம்ம பழைய வசவு எல்லாம் அத்துப்படி. எங்கப்பா காலத்துல இந்த ஊருக்குக் குழாய்த் தண்ணி வந்த கதை இருக்குல்ல, அத என்னைவிட நல்லாச் சொல்வார்!"

"குழாய் எப்போது வந்தது?"

"எழுபத்திநாலுல ஐயா."

முனைவர் எழுத்தரிடம் திரும்பினார். "எழுதுங்கள். விண்ணப்பதாரர் எழுபத்திநாலாம் ஆண்டிலிருந்தே இவ்வூரில் அனுமதியின்றித் தங்கியிருந்ததற்கு முகத்தமே சாட்சி."

"ஐயா! அவருக்கு வயசே முப்பத்தொண்ணு!"

"வயதையும் மறைத்திருக்கிறார். அதையும் எழுதுங்கள்."

 தியர்னோ அல்லாலைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், போதும் அண்ணே, இன்னும் புகழ்ந்தீர்கள் என்றால் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்பதுபோல.

குழுவின் தீர்ப்பைப் படித்தவர்கள் அதன் நுட்பத்தை இன்றும் வியக்கிறார்கள். மெசியூ அர்மான் ஊர்ப்பேச்சு அறியாதவர், ஆகவே ஊர் வம்பு எதிலும் கலவாதவர், ஆகவே நன்னடத்தை உடையவர். தியர்னோ பால்டே ஊர்ப்பேச்சு முழுவதும் அறிந்தவர், ஆகவே சட்டத்துக்குப் புறம்பான நெடுநாள் பழக்கம் உடையவர். முதலாமவருக்குச் சான்றிதழும் சால்வையும், இரண்டாமவருக்குப் பத்து நாள் அவகாசம்.

தீர்ப்பு நகல் ஒரு வாரத்தில் அல்லால் கைக்கு வந்தது. உரியவரிடம் சேர்க்க வேண்டியது அவர் பொறுப்பு. உறையைப் பிரித்துப் பார்த்தார். முழுவதும் பிரெஞ்சில் இருந்தது. நாலு பக்கம். அவருடைய இருபது வார்த்தைகளில் இரண்டு மட்டும் அதில் தென்பட்டன, இரண்டும் மரியாதைச் சொற்கள்.

கடையில் தியர்னோ கடைசி வரிசைப் பொத்தானை முடிந்துகொண்டிருந்தார். அல்லால் கடிதத்தை நீட்டினார். தன் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்தார்.

"உட்காருங்க அண்ணே. டீ சொல்லவா?"

"வேண்டாம்டா. அதுல... என்னதான் போட்டிருக்கான்?"

தியர்னோ ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டுப் படித்தார். வரி வரியாக, நம் பேச்சில், நம் ஊர் ஏற்ற இறக்கத்தில், அல்லாலுக்குப் புரியும்படி சொன்னார். அனுமதி மறுக்கப்பட்டதைச் சொன்னார். கடையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ், ஒரு பெட்டிக்கு மேல் கூடாது என்றார். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த வார்த்தை கொஞ்சம் கரடுமுரடா இருக்கு, உங்களுக்கு மெதுவாச் சொல்றேன்" என்றார். அல்லாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசியா என்ன?"

"இந்தக் கடுதாசில இருக்கறத, எனக்குப் புரியுற மொழியில, ஒரு மொழிபெயர்ப்பாளர வச்சு நீங்க எனக்கு எடுத்துச் சொல்லணுமாம். மொழிபெயர்ப்ப எழுதி இணைக்கணுமாம். அப்புறம் கையெழுத்துப் போடணும்."

"எடுத்துச் சொல்லியாச்சா?"

"இப்பத்தானே சொன்னேன்."

தியர்னோ ஒரு தாளை எடுத்து, நாலு பக்கத்தையும் அழகான அரபி எழுத்தில் பெயர்த்து எழுதினார். ஓர் அடித்தல் இல்லை. மொழிபெயர்ப்பாளர் பெயர் என்ற கட்டம் வந்ததும் அல்லாலைப் பார்த்தார். "சொந்தப் பேர் போட்டா கோப்பு திரும்பி வந்துரும். கஃப்தான் போடுறவங்க கூப்பிடுற பேரையே போட்டுர்றேன்." 'மாஸ்டர்' என்று எழுதினார். பிறகு விரலால் கீழே கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இங்க அண்ணே." அல்லால் கையெழுத்துப் போட்டார். 

வெள்ளிக்கிழமை பஸ் குறித்த நேரத்தில் புறப்பட்டது. நம் ஊரில் குறித்த நேரத்தில் புறப்பட்ட ஒரே வண்டி அதுதான்.

அடுத்த வாரம் அல்லால் வீட்டில் மருதாணி விருந்து. பகல் முழுவதும் மேளம். இப்திஸாம் நூற்று இருபது பொத்தானோடு நடந்து வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். "யாரு தச்சது?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். சால்வை போர்த்தி வந்திருந்த மெசியூ அர்மான் தட்டு நிறையக் கோழியும் பாதாமும் வாங்கிக்கொண்டு "ஷுக்ரான்" என்றார், கூடமே கை தட்டியது. அல்லால் மட்டும் தட்டவில்லை.

அப்போது முனைவர் லஸ்ரக்கிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு குதூகலம். உணர்ச்சி மிகுதியில் நம் மொழியிலேயே பேசிவிட்டார்.

"முகத்தம், நீ அனுப்பின கோப்பு பாத்தேன்யா! என்ன அரபி, என்ன பிரெஞ்சு! இப்படி ஒருத்தர் நம்ம ஊர்ல இருக்கார்னு ஏன் சொல்லல? நாம தேடுறது இந்த மாதிரி ஆளத்தான். வர்றவங்களுக்கெல்லாம் நம்ம மொழி சொல்லிக்குடுக்க உடனே வேலைக்கு எடுத்துரலாம். யாருய்யா அந்த மாஸ்டர்? எங்க இருக்கார்?"

அல்லால் மேளச் சத்தத்திலிருந்து விலகி வாசலுக்கு வந்தார்.

"போன வெள்ளிக்கிழமை நாம ஏத்திவிட்ட பஸ்லதான் போயிட்டார் ஐயா."