பெர்மிட் முனி

"நாளைக்கு ஒடைக்க வாராங்களாம்லா," என்றான் ஐயாவு, சைக்கிளை நிறுத்தும் முன்பே.

அவன் மனைவி ராக்காயி உலையைப் பார்த்தாள். பிறகு புதுத் தகரக் கூரையைப் பார்த்தாள். ஈப்போவுக்கு வந்தும் எஸ்டேட் லயத்து வீடு மாதிரி இடுக்கில் சமைத்தது போதும் என்று, கட்டட இலாகா பெர்மிட் வருவதற்குள் வீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படி. மகள் பாப்பாவுக்குப் பரிசம் போட சிலிம் ரிவர் மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். விருந்து அங்கேதான் வேக வேண்டும்.

"எஸ்டேட்டுல ரோடு போட்ட தொரையே முனியாண்டி கல்லத் தொடாம சுத்தித்தானே போனாரு?" என்றாள்.

விடிவதற்குள் அம்மிக் குழவி அடுப்படி நடுவே எழுந்து நின்றது. மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி, முன்னால் ஒரு சுருட்டு.

உடைக்க வந்த கட்டட இலாகா டொமினிக் பின்வாங்கினார். "சாமி விசயமாக்கா? மேல கேட்டுட்டு வாரேன்."

"பாத்தீங்களா!" என்று புருஷனிடம் மார்தட்டினாள் ராக்காயி.

பக்கத்து வீட்டு நவமணியும் பார்த்துவிட்டாள். பெர்மிட்டுக்குக் காத்துக் கிடந்த தன் வீட்டுப் பிளானைக் கொண்டுவந்து குழவியின் காலடியில் வைத்துக் கும்பிட்டாள். குழவிக்கு ஏது கால் என்று யார் கேட்பது? மறுநாளே அவளுக்குப் பெர்மிட் வந்துவிட்டது.

அவ்வளவுதான். தஞ்சோங் ரம்புத்தான், பாரிட் புந்தார் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் சுருட்டிய பிளானும் எலுமிச்சம்பழமுமாக வந்து வரிசை பிடித்தார்கள். அடுப்பு மேல் கற்பூரம் எரிந்தது. மிளகாய் அரைக்கக் குழவி இல்லை.

"அக்கா, அடுப்ப மூட்டாதீங்க. முனிக்குப் பொக ஆகாது," என்றாள் நவமணி.

"சுருட்டு மட்டும் ஆகுமா?"

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் கொண்டை அவிழக் கத்தினாள் ராக்காயி. "முனியுமில்ல, கினியுமில்ல! அது எங்க அம்மிக் குழவி! எல்லாரும் வெளிய போங்க!"

"அக்கா மேல முனி வந்துருச்சி!" என்று நவமணி காலில் விழுந்தாள். பின்னாலேயே கூட்டமும் விழுந்தது. யாரோ உறுமி தட்டினார்.

பரிசத்துக்கு முந்தின நாள் டொமினிக் மறுபடி வந்தார். ராக்காயிக்குப் போன உயிர் திரும்பியது.

"வாங்க தம்பி! ஒடைங்க! நானே சொல்றேன், மொதல்ல அந்தக் குழவியத் தூக்கிப் போடுங்க!"

டொமினிக் சுற்றுமுற்றும் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளானை உருவினார்.

"ஒடைக்கிறதா? எங்க ஆபீசுல என் வீட்டு அடுப்படிப் பிளானே வருசக்கணக்கா தூங்குதுக்கா. முனிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, சர்ச்சு ஃபாதருக்கு மட்டும் தெரிய வேணாம்."