அகராதியம்மா எடுத்த டோக்கன்

"இருபத்தேழு எப்பவோ போயிருச்சும்மா. இப்போ முப்பத்தொண்ணு ஓடுது" என்றார் வாசல் காவலாளி.

"போயிருச்சா? பலகையில இருபத்துநாலுன்னுதானே இருக்கு?"

"அது பலகை இல்லம்மா. நாள்காட்டி. இன்னிக்குத் தேதி இருபத்துநாலு."

அரை மணி நேரமாக இருபத்துநாலிலேயே நிற்கிறதே, என்ன மந்தமான ஆபீஸ் இது என்று அதுவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள் அவள். வெயில் எட்டிப் பார்க்காத கூடத்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இப்படித்தான். கண்ணாடியைக் கழற்றலாம். கழற்றினால் யாராவது அடையாளம் கண்டுகொண்டால்? மானம் போய்விடுமே!

இந்த அம்மாள் திருட வரவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தலைமை அலுவலகத்தில், விளக்கப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள். ரிடையர் ஆகப்போகிறவர்கள் எந்தத் திட்டத்தை எடுப்பது என்று கையைப் பிசைந்துகொண்டு வருவார்கள். அவள் ரெண்டே கேள்வி கேட்பாள், பதிலைச் சொல்லுவாள், அனுப்பிவிடுவாள். விதியெல்லாம் நாக்கு நுனியில் இருந்ததால் அவளுக்கு அகராதியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது பாராட்டா, திட்டா என்று அவளும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

நாளைக்கு அகராதியம்மாவே ரிடையர் ஆகிறாள். இன்று நாலு மணிக்குள் அவள் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவளுக்கும் காப்பீடு கிடையாது, வீட்டுக்காரருக்கும் கிடையாது. கொடுத்தபிறகு ஆயுசுக்கும் மாற்ற முடியாது.

இருப்பது ரெண்டே திட்டம். முதல் திட்டத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், ஆனால் செலவில் கால் பங்கைக் கைக்காசிலிருந்து போட வேண்டும். ரெண்டாவதில் கைக்காசு தேவையில்லை, ஆனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் போக முடியும். சின்னக் குழந்தைக்கும் புரியும் விஷயம். அகராதியம்மாவுக்கு மட்டும் மூன்று மாசமாகப் புரியவில்லை.

வீட்டுக்காரர் தையல்கடை வைத்திருந்தவர். அவருக்கென்று தனியாக எந்தக் காப்பீடும் இல்லை. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சரிந்தார். ஒரு தாடி டாக்டர் பிழைக்க வைத்தார். "எந்தத் திட்டம் எடுக்கட்டும்?" என்று இவள் கேட்டால், "நீ எது சொன்னாலும் சரிதான்" என்று மனுஷர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார். அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது. தப்பான திட்டம் எடுத்துவிட்டு அழுதுகொண்டு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! பாரத்தைக் கையில் எடுத்தாலே அந்த முகங்கள்தான் வந்து நின்றன.

ஆபீசில் யாரையாவது கேட்கலாமென்றால், ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, நாளைக்குப் பிரிவுபசார விழாவில் மைக்கிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். அதனால்தான் லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறி, யாருக்கும் தன்னைத் தெரியாத இந்தக் கிளைக்கு வந்திருக்கிறாள்.

புது டோக்கன் கிடைத்து, மூன்றாம் ஜன்னலுக்குப் போகும்போது மணி மூன்றேகால். ஜன்னலுக்குப் பின்னால் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர், பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா."

சளி பிடித்த மாதிரி குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள். "எங்க அக்கா நாளைக்கு ரிடையர் ஆகுறாங்க. எந்தத் திட்டம் எடுக்கலாம்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"அக்கா வரலையா?"

"அவங்களுக்கு முடியலை."

"அப்படின்னா பாரம் தர முடியாதேம்மா. கடைசி நாள்ல சம்பந்தப்பட்டவங்களே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். விதி அப்படி."

அந்த விதியின் எண்ணும் பக்கமும் அவளுக்கு மனப்பாடம். இருந்தும் இல்லாத அக்காவைக் கண்டுபிடித்தாளே, அவள் புத்தியை என்ன சொல்ல!

"நான்தான் சார் அக்கா" என்றாள்.

"என்னது?"

"அந்த அக்கா நான்தான். கூச்சத்துல அப்படிச் சொல்லிட்டேன்."

ஜன்னல்காரர் காதிலிருந்த பேனாவை எடுத்து, அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டார். "சரி. உங்களுக்கு என்ன குழப்பம்?"

சொல்ல ஆரம்பித்தாள். முதல் திட்டம் எடுத்துப் பெரிய ஆபரேஷன் வந்தால், தையல்கடையையும் மூடியபிறகு கால் பங்குக்கு எங்கே போவது? ரெண்டாவது எடுத்து, தாடி டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனால்? பட்டியலையே நாளைக்கு மாற்றினால்? சொல்லச் சொல்லக் கட்டைக்குரல் கரைந்து சொந்தக் குரலே வந்துவிட்டது. "நான் தப்பா எடுத்து அவருக்கு ஏதாவது ஆயிட்டா, நான் எப்படி சார் உயிரோட இருப்பேன்?"

ஜன்னல்காரர் தலையைச் சொறிந்தார். "இதெல்லாம் எனக்கு அவ்வளவாத் தெரியாதும்மா. தலைமை ஆபீஸ்ல ஒரு மேடம் இருக்காங்க. கரைச்சுக் குடிச்சவங்க. அவங்களையே கேட்டுடலாம்." சொல்லிக்கொண்டே போனைச் சுழற்றிவிட்டார்.

அகராதியம்மாவின் பை அலறியது.

லீவு நாளில்கூட மேசைப் போனைத் தன் கைப்பேசிக்குத் திருப்பிவிட்டு வருவது அவள் வழக்கம். முப்பத்தொரு வருஷப் பழக்கம், இன்றைக்கென்று விடுமா?

"வீட்டுக்காரர்!" என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். படியில் வாசல் காவலாளி உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். வேறு இடம் தேட நேரமில்லை.

"விளக்கப் பிரிவு, வணக்கம்."

"மேடம், இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க. எந்தத் திட்டம் எடுக்கிறதுன்னு ஒரே குழப்பம்."

எப்படியாவது போனை வைத்தால் போதும். "அவங்களை நாளைக்கு இங்க நேர்ல அனுப்பிடுங்க. நானே பேசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். தப்பித்தோம் என்று ஜன்னலுக்குத் திரும்பினாள்.

"மேடம் ரொம்ப நல்லவங்கம்மா. நாளைக்கு உங்களை நேர்ல வரச் சொல்றாங்க."

"நாளைக்கா? இன்னிக்கு நாலு மணியோட முடியுதே!"

"அட ஆமா. இவ்வளவு விவரமான மேடம் எப்படி இதை மறந்தாங்க?" ஜன்னல்காரர் மறுபடியும் போனை எடுத்தார். "இருங்க, கடைசி நாள்னு சொல்லிக் கேட்கிறேன்."

"வேண்டாம் சார்! அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"தொந்தரவா? அவங்களுக்கு அதுதானே வேலை!"

பை மறுபடியும் அலறியது.

"மறுபடியும் வீட்டுக்காரரா?"

"அவருக்கு என்னை விட்டா யாரு சார் இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். இதிலாவது பொய் இல்லை.

காவலாளி டப்பாவை நகர்த்தி அவளுக்குப் படியில் இடம் விட்டார்.

"மேடம், மன்னிக்கணும், நான்தான். அந்த அம்மாவுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாளாம். எனக்கென்னவோ அவங்க கொஞ்சம் ஒரு மாதிரின்னு தோணுது. அக்காவுக்காக வந்தேன்னாங்க, அப்புறம் நான்தான் அக்காங்கிறாங்க. புத்தி கொஞ்சம் மந்தமோ என்னமோ..."

"புத்திக்கு என்ன? எல்லாம் நல்லாத்தான் இருக்கும்!" அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "பயந்துபோய் வர்றவங்களை மந்தம்னு சொல்றதா? உட்கார வச்சுத் தண்ணி குடுத்தீங்களா? என்ன பயம்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். தப்பா எடுத்து வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயப்படுறாங்க."

கோபம் வந்ததுமே அவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் படியில் வைத்தாள்.

"முதல்ல இதைக் கேளுங்க. அவருக்கு நெஞ்சு வலிச்சா அவங்க எந்த ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிப்பாங்க?"

"தாடி டாக்டர்கிட்டதான் மேடம்."

"அந்த ஆஸ்பத்திரி பட்டியல்ல இருக்கா?"

"இப்பதான் பார்த்தேன். இருக்கு."

"கால் பங்கு போடற அளவுக்குக் கையில இருக்கா?"

"தையல்கடையையும் மூடிட்டாங்களாம்."

"அப்போ ரெண்டாவது திட்டம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"டாக்டர் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா என்னன்னு கேட்கிறாங்களே?"

"போனா போறார். பட்டியல்ல வேற டாக்டரே இல்லையா? நாளைக்கு வர்ற மழைக்கு இன்னிக்கே குடை பிடிச்சுட்டு உட்கார்ந்தா கைதான் வலிக்கும். அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, தப்பே வராத திட்டம்னு ஒண்ணு கிடையாது. நானும் முப்பத்தொரு வருஷமாத் தேடிப் பார்த்துட்டேன். இருக்கிறதுல நல்லதை எடுத்தாச்சு, அதுக்கு மேல என்ன வந்தாலும் அது அவங்க தப்பு இல்ல. தெரிஞ்சுதா? அவங்க தப்பு இல்லன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

போனை வைத்தாள். தான் சொன்னது அப்போதுதான் தன் காதில் விழுந்தது. மூன்று மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல இறங்கிப் போனது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். காவலாளி தன் தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

ஜன்னலுக்கு வந்தபோது மணி நாலாகப் பத்து நிமிஷம்.

"மேடம் என்ன சொன்னாங்கன்னா..." என்று ஆரம்பித்தார் ஜன்னல்காரர்.

"ரெண்டாவது திட்டம். பாரத்தைக் குடுங்க சார்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா!"

"எனக்கே தோணிருச்சு."

மளமளவென்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 'பணியாற்றும் அலுவலகம்' என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் திக்கென்றது. பொய் எழுதக் கை வரவில்லை. உண்மையை எழுதி, அதன்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்தபடியே பாரத்தை நீட்டினாள். அவர் விரலை நகர்த்தச் சொல்லவில்லை. விரலுக்கு அந்தப் பக்கமாக டப்பென்று ஒரு சீல் குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அதே நேரம் கைப்பேசி மறுபடியும் அலறியது. எடுத்துப் பார்த்தால், இந்தத் தடவை நிஜமாகவே வீட்டுக்காரர்.

"எது எடுத்த?"

"ரெண்டாவது."

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

"பாவி மனுஷா, அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"முப்பத்தொரு வருஷமா ஊருக்கே சொல்றவ நீ. உனக்கு நான் சொல்லணுமா? சரி, பசிக்குது. சீக்கிரம் வா."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கும் பசித்தது. ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். படியில் விட்டுவந்த கறுப்புக் கண்ணாடியைக் காவலாளி துடைத்து நீட்டினார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "படியில நான் பேசினதெல்லாம் உங்க காதுல விழுந்திருக்கும். தயவுசெஞ்சு ஜன்னல்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நானே எனக்கு யோசனை சொன்னேன்னு தெரிஞ்சா மானம் போயிரும்."

"அட நீங்க வேறம்மா, உங்க ஆபீஸ்காரங்க யாரு முகத்தை மறைச்சுக்கிட்டு இங்க வந்தாலும் அவர் அவங்க நம்பருக்கேதான் போன் போடுவாரு, இப்படி வந்த உங்க மேனேஜருக்கு நாலு தடவை போட வேண்டியிருந்துச்சு, நீங்க ரெண்டுலயே முடிச்சுட்டீங்க!"