கத்தி படாத வைத்தியம்

இந்தக் காலத்தில் எவனும் வேலை நடக்கிற இடத்தில் நிற்பதில்லை என்பது குமாரவேலின் பெரிய குறை. கங்காணி போனிலேயே ஆள் கணக்கு எடுக்கிறான். துரை கொழும்பில் இருந்துகொண்டே தோட்டத்தைப் பார்க்கிறார். இப்போது ஒரு டாக்டர், பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டே குமாரவேலின் மனைவி தங்கம்மாவின் மூளைக்கு வைத்தியம் பார்த்துவிட்டார்.

மூன்று வருஷமாகத் தங்கம்மாவுக்கு வலது கன்னத்தில் கரண்ட் அடிக்கிற மாதிரி வலி. காற்றுப் பட்டால் அடிக்கும், சோறு மென்றால் அடிக்கும், ஒரு வார்த்தை பேசினால் அடிக்கும். மூளையிலிருந்து முகத்துக்கு வருகிற நரம்பில் கோளாறு என்றார்கள். கொழும்பில் முகத்துக்கு வலைமூடி மாட்டிப் படுக்கவைத்து, அந்த நரம்பின் வேரில் மெஷினால் கதிர் பாய்ச்சினார்கள். சாயங்காலமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

குமாரவேல் மனைவியின் தலையைத் தடவிப் பார்த்தார்.

"தையல் எங்க?"

"வெட்டவே இல்லையே ஐயா. சுகம் தெரிய கொஞ்ச வாரம் போகும்," என்றார் டாக்டர்.

"நான் முப்பத்தெட்டு வருஷம் ரப்பர் மரம் வெட்டுன ஆளு. கத்தி படாம ஒரு சொட்டுப் பால் வராது."

நாலு வாரம் போயிற்று. "வலிக்குதா?" என்று கேட்டால் தங்கம்மா கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் டாக்டரைச் சந்தேகப்பட்டார், மெஷினைச் சந்தேகப்பட்டார், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் இருந்ததா என்றுகூடச் சந்தேகப்பட்டார். அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் தங்கம்மா.

பூசாரியிடம் போனார்.

"ஒங்க கையால கஞ்சி வச்சுக் குடுங்க. ஒரு மண்டலம்," என்றார் பூசாரி.

கல்யாணமான நாள்தொட்டு அடுப்புப் பக்கம் போகாத மனுஷன் அடுப்பு மூட்டினார். முதல் நாள் கஞ்சி தீய்ந்தது. தங்கம்மா அதைக் குடித்துவிட்டு, வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டாள்.

மண்டலம் முடிந்தும் குணமில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டார்.

"குளிர் படவிடாதீங்க," என்றார்கள்.

அதனால் மலைத்தண்ணீர் வந்து விழுகிற பீலியில் தண்ணீர் பிடிப்பது, சட்டி கழுவுவது, மலைக்குப் போய் விறகு பொறுக்குவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது.

கஞ்சி மட்டும் குடித்தும் தங்கம்மா ஒரு சுற்றுப் பெருத்தாள். வீக்கம் என்று பயந்தார். பிறகு அவள் தலையணைக்கடியில் எறும்பு வந்தது. இனிப்பாக என்னவோ மூளையிலிருந்து கசிகிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று வருஷமாக அவள் குரல் இல்லாத வீடே அவருக்கு வீடாக இல்லை. ஆளும் இல்லாமல் போனால்?

விடிந்ததும், தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகிற ஜவ்பரின் த்ரீவீல் ஆட்டோவில் ஏறினார்.

"காலையிலேயே எங்க பெரியவரே?"

"தெரணியகலையில எறக்கி விடு. கொழும்பு பஸ்ஸ புடிக்கணும். அந்த டாக்டர ஒரு கை பாக்கணும். தங்கம்மாவுக்கு இன்னும் வாய் தொறக்க முடியல."

ஜவ்பர் பிரேக் அடித்தான்.

"எந்தத் தங்கம்மா?"

"எனக்கு எத்தன தங்கம்மாடா?"

"முந்தாநேத்து பசாருக்கு இதுலதானே வந்தாங்க. நீங்க வெறகுக்குப் போன நேரம். சீனி முறுக்கு வாங்கி, எனக்கும் ஒண்ணு குடுத்து, போற வழியெல்லாம் மக அனுஷியாகூட போன்ல சிரிப்பு."

குமாரவேல் இறங்கினார்.

"அது வேற யாராச்சும் இருக்கும்."

"ரெண்டு மாசமா வராங்க பெரியவரே."

"கத்தி படாம எப்புடிடா சொகமாகும்? அந்த மெஷின்காரன் ஒன்னையும் கையில போட்டுக்கிட்டான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் போகிற ரோட்டுப் பக்கமாகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஜவ்பர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"டாக்டர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க பெரியவரே. அம்மாவே சொன்னாங்க: 'வலி போன அன்னைக்கே சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அன்னைக்குன்னு பாத்து அந்த மனுஷன் கஞ்சி வச்சுட்டாரு.'"