நராவே பன்றிக்கு அரசு முத்திரை

ஆண் பன்றிகளின் இனப்பெருக்க ஹார்மோன்களை இனி அரசே நேரடியாக ஒழுங்குபடுத்தும் என்று தலைநகர் போர்ட் விலாவில் முடிவாயிற்று. அதுவரை அந்த வேலையைப் பன்றிகளே பார்த்துவந்தன.

திட்ட அதிகாரி கல்சாவ் ஊசிப்பெட்டியோடு மாலோ தீவில் வந்து இறங்கியதும், அங்கே பன்றி வளர்த்துவந்த ஓபேத் ஓடிப்போய்த் தன் பட்டியின் வாசலை மறித்து நின்றார். அவரிடம் இருந்தது நராவே. ஆணாகவும் இல்லாமல் பெண்ணாகவும் இல்லாமல் அபூர்வமாகப் பிறக்கும் பன்றி. சனிக்கிழமை அதைப் பலி கொடுத்தால் அவருக்குத் தலைவர் பட்டம். மருந்து ஏறிய பன்றியைச் சடங்கு ஏற்காது.

கல்சாவ் ரத்தம் எடுத்துச் சோதித்தார். முகம் வாடியது.

"ஓபேத், ஆண் ஹார்மோன் விஷயத்துல உங்க பன்றி ரொம்பப் பின்தங்கியிருக்கு."

"அது ஆணே இல்லையே சார்."

"மனசைத் தளரவிடாதீங்க. ஊசி போட்டு ஆணாக்கிடலாம், இலவசம். விஷயம் சுலபம். மூளை உத்தரவு போடும். கீழ இருக்கிற சுரப்பி அதை வாங்கி விதைக்கு அனுப்பும். விதை ஹார்மோனைச் சுரக்கும். போதும்னு கீழ இருந்து தகவல் போனா, மேல உத்தரவை நிறுத்திடுவாங்க."

கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஓபேத்தின் மனைவி ரோசலின் நிமிர்ந்தாள். "கீழ இருக்கிறவன் சொன்னா மேல கேப்பாங்களா?"

"உடனே கேக்கும்மா."

"அப்படின்னா உங்க இலாகாவுக்கு இதுல என்ன வேலை?"

ஓபேத் குறுக்கே விழுந்தார். "சார், உங்க திட்டம் ஆண் பன்றிக்குத்தானே?"

"ஆமா. பெட்டைக்கு வேற பிரிவு."

"ரெண்டும் இல்லாததுக்கு?"

கல்சாவ் தலைமையகத்துக்குப் போன் போட்டார். பதில் வந்தது: 'விதிக்குள் வராத பன்றிகளின் காதில், விதிக்குள் வரவில்லை என்று முறைப்படி முத்திரையிடவும்.' ஓபேத்தின் நராவே தப்பியது. அவர் கல்சாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஸ்டான்லி வந்தான்.

"சார், என்னுதும் நராவேதான்."

கல்சாவ் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அது பெட்டை மேல ஏறி நிக்குதேப்பா."

"பாவம் சார், அதுக்கு விவரம் தெரியாது."

கடுவன் பன்றியைப் பிடித்து ஊசி குத்துவதைவிடக் காதில் முத்திரை குத்துவது எளிது என்பதைக் கல்சாவின் தொடையிலிருந்த கடிகாயம் ஏற்கெனவே அவருக்கு உணர்த்தியிருந்தது. குத்தினார். சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்த கடுவன்கள் அனைத்தும் அவ்வண்ணமே சான்று பெற்றன. அபூர்வ இனத்தைக் குறுகிய காலத்தில் பெருக்கிக் காட்டியதற்காகத் தலைமையகம் கல்சாவைப் பாராட்டியது.

சனிக்கிழமை ஓபேத் தன் நராவேயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சடங்குத் திடலுக்குப் போனார். ஊரில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் ஆளுக்கொரு கயிற்றோடு வரிசையில் நின்றார்கள்.

"பெரியவரே, இதெல்லாம் நராவேயா?" என்று கத்தினார் ஓபேத்.

பெரிய தலைவர் காதுகளைப் பார்த்தார். வரிசையில் அவர் மகனும் நின்றான்.

"சர்க்காரே சொன்ன பிறகு நாம யாருப்பா?" என்றார்.

எல்லாப் பன்றிகளும் பலியாயின. எல்லாருக்கும் ஒரே பட்டம். ஓபேத்துக்கும்தான்.

பிறகு பசித்தது. பட்டம் பெற்றவர் விறகு தொடக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. அவர் வீட்டுப் பெண்களும் அப்படியே. கீழே இருப்பவர்கள்தான் சமைத்துப் போட வேண்டும். தலைவர்கள் கீழே இருப்பவர்களைத் தேடினார்கள்.

"ரோசலின், நீயாவது..." என்று இழுத்தார் ஓபேத்.

"தலைவர் பொண்டாட்டிகிட்ட மரியாதையாப் பேசுங்க" என்றாள் அவள்.

கடைசியில் எல்லாருடைய கண்ணும் கல்சாவ் மேல் விழுந்தது.

"நெருப்பு வேற இலாகாங்க" என்றார் அவர்.

பொழுது சாயும்வரை எல்லாரும் பட்டத்துக்குரிய கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நாய்களுக்குப் பட்டம் எதுவும் இல்லாததால், அவை மட்டும் சாப்பிட்டன.