லண்டனில் ஒரு முட்டைக்கோஸ் கிடங்கு

"லண்டன் போய்ச் சேந்துட்டியாய்யா?" என்று கைப்பேசியில் அம்மா கேட்டபோது, லோகேஸ்வரன் மலை ஊரான கோலா தெர்லாவில் ஒரு முட்டைக்கோஸ் கிடங்கில், கூடைகளுக்கு நடுவே குந்தியிருந்தான்.

"சேந்துட்டேம்மா."

அந்த நேரம் பார்த்து வாசலில் லோரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

"என்னடா லோரி சத்தம்?"

"லண்டன்லயும் லோரி இருக்கும்மா."

"இருக்கும் இருக்கும். இங்கேருந்துதானே காய்கறி போவுது," என்றார் அம்மா. தாயின் பூகோள அறிவை நினைத்து மகன் தலையில் அடித்துக்கொண்டான். சத்தம் கேட்காமல்தான்.

கல்லூரி விடுமுறையில் நண்பர்களோடு லண்டனைச் சுற்றிப் பார்ப்பது என்பதுதான் திட்டம். நண்பர்கள் திருமாறனும் புவனேசும் இந்நேரம் அசல் லண்டனில் பாலம் பாலமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரன் மட்டும் விமான நிலையக் கவுண்டரோடு திரும்பிவிட்டான். பாஸ்போர்ட் என்கிற கடப்பிதழ்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, காலாவதியாகிவிடும். நம் ஆளுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதையும் திறந்து பார்க்கமாட்டான்.

நேரே வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு ஜனம் மொத்தமும் கோயில் முன்னால் கூடி அவனை வழியனுப்பியிருந்தது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி கந்தசாமி தன் கையால் மாலை போட்டு, "நம்ம பாட்டன் காலத்துல லண்டன் வாசப்படிய மிதிக்க விட்டானா? இன்னிக்கு நம்ம லைன் புள்ள உள்ளயே போவுது," என்று பேசினார். வருஷக்கணக்காக முதுகில் பூச்சிமருந்து டேங்க்கைச் சுமந்து குனிந்தே பழகிய அப்பா இருளப்பன், அன்றைக்குத்தான் ஊர் முன்னால் நிமிர்ந்து நின்றார். அவரை மறுபடி குனிய வைக்க லோகேஸ்வரனுக்கு மனம் வரவில்லை. இந்தக் கதையில் அவனிடம் உள்ள நல்ல குணம் இது ஒன்றுதான். மிச்சமெல்லாம் பொய்.

அப்பா சம்மதித்ததே ஓர் அதிசயம். சிறு வயதிலிருந்து ஈப்போ விடுதியில் படித்து, வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிற பிள்ளை அவன். "லீவுல லண்டன் போலாம்னு..." என்று அவன் இழுத்ததுமே, "தெரியும்யா, கிராணி சொல்லிட்டாரு. போய் நல்ல பேரு எடு," என்றுவிட்டார். கிராணிக்கு யார் சொன்னது என்று அவன் யோசிக்கவில்லை. தானாக வந்த அனுமதியை எந்த மாணவன் கிளறிப் பார்ப்பான்?

கிடங்கு பள்ளித் தோழன் ராஜுவுடையது.

"ஒரு வாரந்தானேலா. கோஸ் சாப்ட்டு கோஸ் மேலயே படு. ப்ளேன் வர்ற அன்னிக்கி நீயும் வந்துட்டேன்னு வீட்டுக்குப் போ," என்றான் ராஜு. மூளைக்காரன்.

மறுநாள் அப்பா அழைத்தார். "ஒரு படம் அனுப்புய்யா. கிராணி பாக்கணுங்குறாரு."

முட்டைக்கோஸை எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அது லண்டனாகவில்லை. கடைசியில் ராஜுவே வழி சொன்னான். "தானா ராத்தா ரோட்டுல வெள்ளக்காரன் கட்டுன பழைய ஹோட்டல் ஒண்ணு இருக்குலா. முன்னால செவப்பு போன் பூத்துகூட நிக்குது. மேகம் ப்ரீ."

ராஜுவின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் போய், லோகேஸ்வரன் அந்த வாசலில் விறைத்து நின்று படம் எடுத்துக்கொண்டான். குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். தோட்டத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கட்டடம் இது. யாராவது ஒருவருக்கா தெரியாது?

அப்பாவிடமிருந்து பதில் வந்தது. 'ரொம்ப சந்தோசம்யா. முடி வெட்டிட்டுப் போயிருக்கலாம். ஏன் வெளியவே நிக்கிற, உள்ள போ.'

ஊரே இவ்வளவு ஏமாளியா என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. படித்தவனுக்கு வரும் வருத்தம். தினமும் போய்த் தினுசு தினுசாக நின்று அனுப்பினான். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

வியாழக்கிழமை அம்மா கேட்டார். "பெரிய துரைய பாத்தியா?"

"இங்க தெரு பூரா துரைங்கதாம்மா."

"அட, பெரிய துரைய சொல்றேன்டா. எல்லாருக்கும் மேல இருக்குறவரு."

லண்டன் ராஜாவைத்தான் கேட்கிறார் என்று லோகேஸ்வரனுக்குப் பட்டது. இல்லை என்று சொல்ல நாக்குத் திரும்பவில்லை. பொய்க்குப் பழகிவிட்ட நாக்கு. "பாத்தேம்மா. தூரத்துலேருந்து கைய ஆட்டுனாரு."

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "கைய ஆட்டுனாரா? போவச் சொல்லிட்டாரா?"

"இல்லம்மா, வரச் சொல்லித்தான்."

அப்பா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். "வரச் சொன்னா போவாம என்னடா பண்ற? காலையில குளிச்சி, திருநீறு வச்சிக்கிட்டு, மொத ஆளாப் போய் நில்லு. எதுத்துப் பேசாத."

"சரிப்பா," என்று அரண்மனைக்குப் போக ஒப்புக்கொண்டான் லோகேஸ்வரன்.

வெள்ளிக்கிழமை அடுத்த இடி. "ஞாயித்துக்கெழம லைனே கெளம்பி வருது. கிராணி வேன் புடிச்சிட்டாரு," என்றார் அம்மா.

"எங்கம்மா வர்றீங்க?"

"நீ இருக்குற எடத்துக்குத்தான். வேற எங்க?"

லோகேஸ்வரன் கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் நண்பர்களின் விமானம் இறங்குகிறது. அம்மாவுக்கு விமான நிலையமும் லண்டனும் ஒன்றுதான். ஆக, மாலையோடு விமான நிலையத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் போய், வெளியே வருகிற கூட்டத்தில் கலந்துவிட்டால் தப்பித்தான்.

கோலாலம்பூருக்குப் போகும் கோஸ் லோரியில் ராஜு அவனை ஏற்றிவிட்டான். முன்னால் இடமில்லை. மலையின் அத்தனை வளைவுகளிலும் கூடைகளோடு கூடையாக உருண்டு, வாந்தி எடுத்து, கல்யாணக் கோட்டில் கோஸ் இலை ஒட்டிக்கொண்டிருக்க, அவன் விமான நிலையம் போய்ச் சேர்ந்தான். லண்டனிலிருந்து வருகிறவனின் களைப்பு முகத்தில் தத்ரூபமாக இருந்தது.

திருமாறனும் புவனேசும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"என்னடா, கோஸ் நாத்தம்?" என்றான் திருமாறன்.

"பேசாத. அந்தப் பெட்டிய என் கையில குடு. எங்க ஆளுங்க வர்ற நேரம்."

ஆட்கள் வரவில்லை. பெட்டியைப் பிடித்த கை வலித்ததுதான் மிச்சம். நண்பர்கள் இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்ட பிறகு கைப்பேசி அடித்தது.

"எங்கய்யா இருக்க?" அப்பாவின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பின்னால் லைன் ஜனம் மொத்தமும் பேசுவது கேட்டது. "நாங்க எல்லாரும் லண்டன் வந்து நிக்கிறோம். உன்னய யாருமே தெரியாதுங்குறாங்க."

"லண்டனா? எந்த லண்டன்ப்பா?"

கைப்பேசி கை மாறியது. கேட்டறியாத ஒரு தடித்த குரல் பேசியது.

"எந்த லண்டனா? ஒங்க தோட்டத்து ஆளுங்க அந்தக் காலத்துலேருந்து லண்டன்னு சொல்றது தானா ராத்தா ரோட்டுல இருக்குற இந்த ஹோட்டலத்தான் தம்பி. நான் இங்க வாசக் காவலுக்கு நிக்கிற ஜாகா முனியாண்டி. கிராணி கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் குடுத்த லீவு வேலைக்கு வராம, வாரம் பூரா கோட்டு போட்டுக்கிட்டு எங்க வாசல்ல நின்னு போட்டோ புடிச்சிட்டுப் போனது நீதானே?"