ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு முள்ளங்கி ஜாடி

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். 'போய்ட்டு வரேன்' என்ற பேச்சே கூடாது. என் அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள் அந்த வழக்கத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், செருப்புகூடப் போடாமல், எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு ஓடினார்கள். அதற்குக் காரணம் நான்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சித்தூரில் ஒரு மாங்கூழ் பேக்டரியில் லோடு இறக்குகிற வேலை அவருக்கு. லாரி வந்து நின்றதும் ஒரு பழத்தை அறுத்து நாக்கில் வைத்து, இது எந்த ஊர்த் தோப்பு, இன்னும் எத்தனை நாள் பழுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லுவாராம். (அதை யாராவது காதில் போட்டுக்கொண்டார்களா என்பது தெரியாது. சொன்னதாக அவர்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.) தன் நாக்கைப் பற்றி அவருக்கு அவ்வளவு கர்வம். குழம்பில் புளி பழசா புதுசா என்று வாசற்படியிலேயே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. வைத்தியத்துக்காகத் திருப்பதியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். நான் அப்போது ஸ்ரீசிட்டியில் கொரியாக்காரர்களின் கம்பெனி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. தம்பி சேகர் வேலூரில் டயர் கடையில் இருந்தான். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்களை வளர்த்தது நைனாவின் அக்கா, எங்கள் அத்தை. குடிபாலாவிலிருந்து அத்தை பெட்டி படுக்கையோடும் தன் ஊறுகாய் ஜாடியோடும் வந்து இறங்கியதும் வீட்டு நிர்வாகம் கைமாறியது. நான் பால் காய்ச்சக்கூட அடுப்பங்கரைக்குள் போக முடியாது. (போனால் பால் பொங்கும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை.)

ஆஸ்பத்திரியில் கட்டிக்குக் கரண்ட் (ரேடியேஷன்) வைக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு நைனாவுக்கு ருசி போய்விட்டது. கஞ்சியைக் கொடுத்தாலும் ரசத்தைக் கொடுத்தாலும், "மண்ணு துன்ற மாதிரி கீது" என்று இரண்டு வாயோடு தள்ளிவிடுவார். உடம்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனது. "எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள்" என்றார் டாக்டர். இறங்குகிற பொருள் எது என்று அவர் சொல்லவில்லை. அத்தை தினமும் ஒன்றைச் செய்து, தினமும் அதைத் தானே தின்று, தினமும் அழுதாள்.

எங்கள் கேண்டீனில் கொரியா ஆபீசர்களுக்கென்று தனியாக ஒரு வரிசை உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறிப் புளித்த முள்ளங்கியும் முட்டைக்கோசும் அங்கே இருக்கும். மூடியைத் திறந்தால் இரண்டு மேசைக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பிடிப்பார்கள். ஒருநாள் வேடிக்கைக்காக அந்த முள்ளங்கியில் நாலு துண்டைக் கேட்டு வாங்கி டிபன் டப்பாவில் எடுத்து வந்தேன். அத்தையிடம் காட்டித் திட்டு வாங்குவதுதான் என் நோக்கம். அது நன்றாகவே நிறைவேறியது.

"இன்னாடி இது, சாக்கடையில இருந்து எடுத்தாந்தியா?"

நைனா கையை நீட்டினார். ஒரு துண்டைக் கழுவிக் கொடுத்தேன். கன்னத்தில் அடக்கிக்கொண்டார். பிறகு அவருடைய ஒரு கண் மட்டும் இறுக மூடியது. தாடை கூசியது.

"புளிக்குது மதி," என்றார்.

அன்றைக்கு அந்தத் துண்டைச் சப்பிக்கொண்டே ஒரு கிண்ணம் கஞ்சியையும் குடித்து முடித்தார். அத்தை எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். கோபம் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

தினமும் கேண்டீனில் கை நீட்ட முடியாது. நானே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ பார்த்தேன். உப்பு எவ்வளவு, காயை எப்படி நறுக்குவது, தண்ணீருக்குள் எப்படி அமுக்கி வைப்பது என்று ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஜாடியை மூடும்போது மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது" என்று அவள் விரலைத் தூக்கியபோது பஸ் நாகலாபுரத்தைத் தாண்டியது. சிக்னல் போய்விட்டது. மூடியைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு அப்படி என்ன தெரிந்துவிடப் போகிறது, ஊறுகாய் போடுகிற வம்சத்தில் பிறந்த நமக்குத் தெரியாததா என்று போனை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

அத்தை தன் ஜாடியைக் கொடுத்தாள். மேல் பாதி காப்பிக் கலர், கீழ்ப் பாதி வெள்ளை, இடுப்பளவு இல்லையென்றாலும் முட்டியளவு இருக்கும். கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிட்டு, "ஒட்ச்சேன்னு வை, உன்னைக் குடிபாலாவுக்கு நடக்க வெச்சே கூட்டிக்கினு போவேன்" என்றாள். முள்ளங்கியையும் கோசையும் இஞ்சியையும் நறுக்கிப் போட்டேன். நைனாவின் வாய் புண்ணாக இருந்ததால் மிளகாய் கிடையாது. பார்க்க வெள்ளையாக, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்ததால், அழகுக்காக இரண்டு பீட்ரூட்டையும் சேர்த்தேன். ஜாடியைக் கழுத்துவரை நிரப்பினேன்.

அடுத்தது மூடி. ஊரிலிருந்து பஸ்ஸில் ஊறுகாய் ஜாடி கொண்டுவரும்போது எண்ணெய் ஒழுகாமலிருக்க நாங்கள் ஒரு வேலை செய்வோம். மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து பூசி, மேலே வேட்டித் துணியைப் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம். ஜாடி தலைகீழாக உருண்டாலும் சொட்டாது. அதே மாதிரி பூசி, அதே மாதிரி கட்டினேன். "காத்து பூந்தாதான் பூசணம் புடிக்கும்" என்று அத்தையும் தன் பங்குக்கு ஒரு சுற்றுக் கட்டினாள். ஆவக்காய் ஊறுகாய் எண்ணெயில் சும்மா கிடக்கும். உப்புத் தண்ணீரில் புளிக்கிற முள்ளங்கி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஜாடியைத் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார் நைனா. அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார். நான் வேலையிலிருந்து வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "புளிச்சிகிச்சாம்மா?" என்பதுதான். ஒருநாள் ஜாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உள்ள இன்னாவோ பேசிக்கினு கீது." நானும் காதை வைத்தேன். மெல்லிய சீறல் கேட்டது. நல்ல சகுனம் என்று நாங்கள் மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

அதற்குள் அவருக்குக் கஞ்சியும் இறங்காமல் போய்விட்டது. ஒரு சாயங்காலம், "ஒரே ஒரு துண்டு எடேன், வாயில வெச்சிக்கினு துப்பிடறேன்" என்றார். நான் உட்கார்ந்து முடிச்சில் கையை வைத்தேன்.

"கட்டை அவுக்காத," என்று அத்தை உள்ளேயிருந்து வந்தாள். "நடுவுல தொறந்தா எல்லாம் கெட்டுப் பூடும். இத்தினி நாள் பொறுத்தான், ஒரு ராத்திரி பொறுக்க மாட்டானா? காலைல தொறந்துக்கலாம்."

நைனா அவளைப் பார்த்து, "சரிக்கா" என்றார். சின்ன வயதிலிருந்து அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் சொல்லிவந்த பதில் அது.

காலையில் அத்தை காப்பி கலந்துகொண்டு போனபோது அவர் இல்லை.

மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். குடிபாலாவிலிருந்து ஒரு வேன், பாலசமுத்திரத்திலிருந்து ஒரு வேன். ஐஸ் பெட்டி வந்தது. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார்கள். கட்டிலோரமிருந்த ஜாடியை என்ன செய்வது என்று தெரியாமல் சேகர் அதை ஐஸ் பெட்டிக்குப் பின்னால், மோட்டார் பக்கமாகத் தள்ளிவிட்டான். உள்ளே குளிர வைக்கிற அந்தப் பெட்டி வெளியே அனலாய் ஊதும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மேலே மாலைகள் விழுந்து ஜாடி மறைந்துபோனது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கம்பெனி வேலைக்குப் போகிற பெண் அழமாட்டாள் என்று ஒரு பெரியம்மா மற்றொரு பெரியம்மாவுக்கு விளக்கியது என் காதிலேயே விழுந்தது.

அத்தை பெட்டியின் கண்ணாடிமேல் கவிழ்ந்து, "என்னப் பெத்த அப்பா, என் தம்பி" என்று ஒப்பாரியை எடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரி உச்சத்தில் இருந்த நேரம் பார்த்து, 'டப்' என்று ஒரு சத்தம்.

மூடி பறந்து பெட்டியின் தகரத்தில் மோதி 'டங்' என்று இன்னொரு சத்தம். மாலைகள் எம்பி விழுந்தன. "பாக்ஸ் வெட்ச்சிட்ச்சி" என்று யாரோ சொன்னார்கள். அந்த நேரத்தில் பெட்டிக்கு அடியிலிருந்து சிவப்பாக, நுரையோடு, தண்ணீர் ஓடி வந்தது.

பீட்ரூட் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டு ஓனரம்மா, "ஒத்து பாபோய்" என்று தெலுங்கில் எல்லாச் சாமியையும் கூப்பிட்டபடி முதலில் வாசலைத் தாண்டினார். பின்னாலேயே கூட்டம். மூட்டு வலியால் ஒரு வருஷமாகச் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த என் அத்தை, பாலசமுத்திரத்து மாமாக்கள் இருவரை இடித்துத் தள்ளிவிட்டு எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குள் போய் நின்றாள். (அவளுக்கு மூட்டு வலி என்று அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் சொன்னாலும் சேகர் சிரித்துவிடுவான்.) வாசலில் மேளமடித்தவர்கள் மேளத்தையும் போட்டுவிட்டு ஓடினார்கள்.

நைனா ஒருத்தர்தான் ஓடவில்லை. அவரும் நானும் இருந்தோம்.

நுரை அடங்கியதும் வாசனை வந்தது. கேண்டீனில் வருமே, அதே வாசனை. உப்பு சரி, புளிப்பு சரி, எல்லாம் சரி. வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் சமையல் அது. கண்ணாடிக்குள் அவரைப் பார்த்து, "புளிச்சிகிச்சு நைனா" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தது, நிற்கவில்லை.

வெளியே நின்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லி உள்ளே அழைத்து வருவது பெரும்பாடாகிவிட்டது. "ஏமிட்டம்மா இதி, சாவிண்ட்லோ பச்சடியா?" என்று, சாவு வீட்டில் ஊறுகாயா என்கிற அர்த்தத்தில், ஓனரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். ஊறுகாய் வெடித்த கதையைத் தெலுங்கில் விளக்க எனக்கு வார்த்தை போதவில்லை. கொள்ளி வைப்பதற்காக உடுத்தியிருந்த புது வேட்டியோடு சேகர் மண்டிபோட்டுத் தரையைத் துடைத்தான். எழுந்தபோது வேட்டி முட்டிக்குக் கீழே ரோஸ் கலராகியிருந்தது. மாற்று வேட்டி யாரும் கொண்டுவரவில்லை. அன்றைக்கு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அவன் ரோஸ் வேட்டியில்தான் நிற்கிறான்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. ஒவ்வொருவராகப் போட்டார்கள். அத்தையின் முறை வந்தபோது அவளைக் காணவில்லை. பார்த்தால், மூலையில் ஜாடிக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு முள்ளங்கித் துண்டோடு வந்தாள். அது நன்றாகச் சிவந்திருந்தது.

"அதெல்லாம் வழக்கத்துல இல்லம்மா," என்றார் காரியம் செய்ய வந்தவர்.

"வழக்கத்த நீ வெச்சிக்கோ. என் தம்பி வாயில இன்னா போடணும்னு எனக்குத் தெரியும்."

அத்தை அந்தத் துண்டை விரலால் நசுக்கி மெதுவாக்கி, அரிசியோடு அவர் உதட்டுக்குள் தள்ளினாள். கன்னத்துப் பக்கமாக, அவர் அடக்கிக்கொள்கிற இடத்தில். "துன்னு ராஜா," என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் எந்த விசேஷத்துக்கு நான் போனாலும், "மதி வந்துகீறா, பையில இன்னா கீதுன்னு பாருங்க" என்பதுதான் வரவேற்பு. பெண் பார்க்க வந்தவர்களிடமே சொல்லியிருக்கிறார்கள். (அதற்குப் பிறகும் என்னைக் கட்டிக்கொண்டவர் தைரியசாலிதான்.) சின்னப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அத்தையைச் சூழ்ந்துகொண்டு, "ஜாடி வெட்ச்ச கதை சொல்லு ஆயா" என்று கேட்கும். அத்தை பிரமாதமாகச் சொல்லுவாள். நான் பஸ்ஸில் தூங்கியதை, மாவு பூசியதை, ஜாடி உள்ளே பேசியதையெல்லாம் நடித்தே காட்டுவாள்.

கதையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் அவள் தாண்டமாட்டாள். "அன்னிக்கு சாயங்காலம் அவன் கேட்டான்" என்பாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள். தண்ணீர்ச் சொம்பைத் தேடுவாள். பிறகு, "மீதிய நீ சொல்லு மதி" என்று என் பக்கம் திரும்புவாள்.

பிள்ளைகள் என்னைப் பார்க்கும். அவர் என்ன கேட்டார், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அப்புறம் இன்னா," என்பேன் நான், "டப்புனு ஒரு சத்தம். எல்லாரும் ஓடனாங்க."