ஏழாம் எண் கரு

பிறப்பதற்கு முன்பே ஒருவருக்காக அலுவலகத்தில் கோப்பு திறக்க முடியும் என்பது எனக்கு நாற்பத்து நான்காவது வயதில்தான் தெரிய வந்தது. கோப்பில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும் என்பது அதற்கு அடுத்த வாரம் தெரிந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மனைவி ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒன்றே முக்கால் வயதில் ரத்த நோயில் போய்விட்டாள். அந்த நோயில் பாதி என்னிடமும் பாதி மனைவியிடமும் இருப்பதாக டாக்டர் அதற்குப் பிறகு சொன்னார். பாதி இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தெரியாமலே ஆயுசு முழுக்கக் கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கலாம். இரண்டு பாதியும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் குழந்தை தங்காது. அவளுடைய செருப்பு இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆகவே, மருத்துவமனையில் கருக்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து செல் எடுத்துச் சோதித்து, நோய் இல்லாததை மனைவியின் வயிற்றில் வைப்பது என்று முடிவானது. நான்கு கருக்கள் தேறின. உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். நான்கில் எதற்கு அந்த நோய் இல்லை என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு வரி பதில்.

அந்த ஒரு வரியைச் சொல்லும் அதிகாரம் மருத்துவமனைக்குக் கிடையாது. கருத் தகுதி ஆய்வு இயக்ககம் என்ற அலுவலகத்துக்குத்தான் உண்டு. மனைவிக்கு நாற்பத்திரண்டு வயது முடிந்துவிட்டால் கருவை வைக்க விதி இடம் கொடுக்காது. அதற்கு ஐந்து மாதம் இருந்தது. ஒரு வரிக்கு ஐந்து மாதம் தாராளம் என்று நாங்கள் நினைத்தோம்.

இயக்ககம் மூன்றாவது மாடியில் இருந்தது. எழுத்தரின் கண்ணாடி மூக்கு நுனிவரை இறங்கியிருந்தது. ஒரு திருகு இறுக்கினால் சரியாகிவிடும். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவர் படிவத்தை நீட்டினார்.

"விண்ணப்பதாரர் பெயர்னு இருக்கிற இடத்துல உங்க பெயரை எழுதாதீங்க. விண்ணப்பதாரர் கருதான். நீங்க காப்பாளர்."

"கருவுக்கு இன்னும் பெயர் வைக்கலையே சார்."

"அப்போ 'பெயரிலி'ன்னு எழுதுங்க. கல்வித் தகுதி?"

"கருவுக்கா?"

"'இல்லை'ன்னு எழுதணும். கோடு போடக் கூடாது. கோடு போட்டா மறைக்கிறீங்கன்னு அர்த்தம்."

நான்கு படிவங்களிலும் 'இல்லை' என்று எழுதினேன். அதன்பின் அறுபத்து நான்கு கட்டங்கள் இருந்தன. அவற்றை ஆய்வகம் நிரப்பும். உயரம், முடியின் அடர்த்தி, கணக்குத் திறமை, முன்கோபம், பாட்டு, மேலதிகாரியிடம் பணிவு. எங்கள் பெண்ணைக் கொண்டுபோன நோய் அறுபத்தோராவது கட்டத்தில் இருந்தது. அதற்கு முந்தையது 'கையெழுத்து அழகு', பிந்தையது 'கூட்டங்களில் உறங்கும் இயல்பு'.

ஆய்வகத்தில் இருந்த பெண்மணியை எல்லோரும் லேப் அம்மா என்றார்கள். அவரிடம் கேட்டேன், "நாலு செல்லை வச்சுக் கணக்கு வருமா, பாட்டு வருமான்னெல்லாம் சொல்ல முடியுமாம்மா?"

"முடியாது சார். அறுபத்தொண்ணை மட்டும் உறுதியாச் சொல்வேன். மத்ததுல கொஞ்சம் சாய்வு தெரியும், மிச்சம் எல்லாம் ஊகம்."

"அப்புறம் எதுக்கு அத்தனை கட்டம்?"

"கட்டம் போட்டுட்டாங்க. காலியா விட்டா விளக்கம் கேக்கறாங்க."

அந்த அலுவலகத்தில் நியாயமான விதி ஒன்றும் இருந்தது. கோப்பைத் தொடுகிறவர்கள் அனைவரும் குழாயில் எச்சில் கொடுக்க வேண்டும். அவர்களுடைய செல் தவறிப்போய் எங்கள் கருவின் செல்லோடு கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காக. எழுத்தர் என் கண்முன்னே குழாயில் துப்பினார். கண்காணிப்பாளரும் துப்பினார். இயக்குநர் துப்பும்போது மட்டும் மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக எந்தக் குழாயிலும் பெயர் எழுதவில்லை. வரிசையாக எண் மட்டும் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வந்தான். மனைவியின் தம்பி. அவன் வீட்டிலும் மருத்துவமனைக் குழந்தைதான். எந்த நோய்க்காகவும் சோதிக்கவில்லை. எல்லோரும் சோதிக்கிறார்களே என்று சோதித்தார்கள். கருவின் ரிப்போர்ட்டைப் பளபளக்கும் உறையில் போட்டு, கல்யாண ஆல்பத்துக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.

"எங்களுது நூத்தி எண்பத்தொரு சென்டிமீட்டர் வரும் மாமா. ரிப்போர்ட்ல போட்டிருக்கு. நீங்க வெறும் நோய் மட்டுமா பாக்கறீங்க?"

"நோய் இல்லாம இருந்தா போதும்டா."

"அந்தக் காலத்து ஆளாவே இருக்கீங்க. கிட்டப்பார்வையாவது பாருங்க."

"ஊர்ல எல்லாருக்கும் பார்வை நல்லா இருந்தா உன் அக்காவுக்கு நான் எங்கேருந்து சோறு போடறது?" என்றேன். மனைவி சிரித்தாள். இந்த வித்தையெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அன்று நான் அரைமணி நேரம் பேசினேன். அதை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.

"தங்களது ஏழு கருக்களும் உயர்மட்டக் குழுவால் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டன. 5, 6, 7 எண்ணிட்ட கருக்கள் பிறக்கத் தகுதியற்றவை என ஐயந்திரிபறத் தெரிய வருகிறது. குறிப்பாக, ஏழாம் எண் பிறக்க நேரிடுமாயின் சமூகத்துக்கு நீங்காச் சுமையாக அமையும். மேற்படி மூன்றையும் காப்பாளர் பதினைந்து நாட்களுக்குள் நேரில் ஒப்படைத்து அழிப்புச் சான்று பெற்ற பின்னரே ஏனைய கருக்களின் முடிவு தெரிவிக்கப்படும்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். கண்காணிப்பாளர் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்களைத் தூரத்தில் தேடினார்.

"எங்களுக்கு நாலு கருதான் சார்," என்றாள் மனைவி.

"கோப்புல ஏழு இருக்கேம்மா."

"மருத்துவமனை நாலுன்னு எழுதிக் கொடுத்திருக்கு."

"அது அவங்க எண்ணினது. இது நாங்க எண்ணினது." குரலைத் தாழ்த்தினார். "பாசம் கண்ணை மறைக்கும், புரியுது. ஆனா மூணையும் ஒளிச்சு வைக்கிறது தப்பு."

"இல்லாததை எப்படி சார் ஒளிச்சு வைக்கிறது?"

"அதை நீங்கதான் விளக்கணும்."

விளக்கினோம். எழுத்து மூலமாக, மூன்று பிரதிகளில். அந்த மூன்றும் எங்களுடையவை இல்லை என்று நிரூபிக்க நாங்களும் எச்சில் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் எட்டாம் எண் ஆனேன். மனைவி ஒன்பதாம் எண். எங்களுக்கும் அறுபத்து நான்கு கட்டங்களையும் நிரப்பினார்கள், விடுபட்டால் விளக்கம் கேட்பார்களே.

ஒன்றரை மாதம் போனது. மனைவி நாட்காட்டியைப் பார்ப்பதை நிறுத்தி, அதைத் திருப்பி மாட்டினாள். பிறகு முடிவு வந்தது: ஐந்து, ஆறு, ஏழாம் எண்களுக்கும் இந்தத் தம்பதிக்கும் யாதொரு உறவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்போ வேற யாரோட கருவையோ வச்சிருக்கீங்க! இது அதைவிடப் பெரிய குற்றம் ஆச்சே!"

கோப்பு இயக்குநரிடம் போனது. நாங்கள், எழுத்தர், கண்காணிப்பாளர், தாள் கட்டோடு லேப் அம்மா, எல்லோரும் அவர் அறையில் நின்றோம். இயக்குநர் தங்க நிற விளிம்புக் கண்ணாடி போட்டிருந்தார். தலையில் விளக்கொளி வழுக்கிக்கொண்டு போனது.

"இந்த ஏழாம் எண்ணை என்னால மறக்கவே முடியாது," என்று ஆரம்பித்தார். "முப்பத்தஞ்சு வயசுல வழுக்கை. நாற்பதுல சர்க்கரை. முன்கோபம். புதுசா எதையும் கத்துக்காது. பாட்டு வராது, ஆனா பாடும். இப்படி ஒண்ணைப் பெத்துக்கணும்னு எந்தத் தாயாவது ஆசைப்படுவாளா?"

"ஆசைப்பட்டாங்க ஐயா," என்றார் லேப் அம்மா. "உங்க அம்மா."

லேப் அம்மா நிதானமாகச் சொன்னார். முதல் நான்கு இவர்களுடைய கருக்கள். ஐந்து எழுத்தர், ஆறு கண்காணிப்பாளர், ஏழு ஐயா. எல்லாம் விதிப்படி கொடுத்த எச்சில்.

"இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" என்று பாய்ந்தார் கண்காணிப்பாளர்.

"யாரும் கேக்கலையே சார். நானாச் சொன்னா பாரபட்சம். விதி பதினொண்ணு."

இயக்குநர் கைக்குட்டையால் தலையைத் துடைத்தார். "சரி, உத்தரவை ரத்து பண்ணிடுவோம். நானே கையெழுத்து போடறேன்."

எழுத்தர் கண்ணாடியை மேலே தள்ளினார். "செல்லாதுங்க ஐயா. பிறக்கத் தகுதியில்லாதவர் போடற கையெழுத்து எப்படிச் செல்லும்?"

"அப்போ அந்த முதல் உத்தரவும் செல்லாதே?" என்றேன் நான், நப்பாசையில்.

"அதுல கையெழுத்து போடறப்ப ஐயாவுக்குத் தகுதி இருந்துச்சு. போட்டு முடிச்ச பிறகுதான் போச்சு," என்றார் எழுத்தர். "ஒப்படைக்கிற கெடுவும் எப்பவோ முடிஞ்சிடுச்சு."

"யாரு ஒப்படைக்கணும்?" என்று இயக்குநர் மெதுவாகக் கேட்டார்.

"காப்பாளர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

உத்தரவை மாற்ற முடியாது, ஆனால் தகுதி அளவுகோலை மாற்றலாம் என்று கண்காணிப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்றரை மாதம் எங்களை அலையவைத்த உயர்மட்டக் குழு அன்று பிற்பகலே கூடியது. மூவரில் யாராவது ஒருவர் தவறிய கட்டத்தை எல்லாம் அடித்தார்கள். வழுக்கை போனது, சர்க்கரை போனது, முன்கோபம் போனது, பணிவு போனது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, 'மனித இனத்தைச் சார்ந்தது'. மற்றது, 'விண்ணப்பம் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதப்பட்டுள்ளது'.

மாற்றிய அளவுகோலின்படி சான்றிதழைத் தட்டச்சு செய்து, ஒரு மாதம் மேசை மேசையாகச் சுற்றவிட்டு, எங்கள் கையில் கொடுக்கும்போது மனைவியின் பிறந்தநாளுக்குப் பதினோரு நாள் இருந்தது. 'ஒன்று முதல் ஏழு வரை அனைத்துக் கருக்களும் பிறக்க முழுத் தகுதி உடையவை. மதிப்பெண் இரண்டுக்கு இரண்டு.'

"இதுல எதுக்கு நோய் இல்லைன்னு போடலையே ஐயா," என்றேன்.

"அந்தக் கட்டமே இப்ப இல்லையே," என்றார் இயக்குநர். கண்காணிப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களைப் போலவே அவருக்கும் அந்த நோயில் பாதி இருந்ததாம்.

"எங்க பொண்ணு செத்தது அந்தக் கட்டத்துலதான் சார்," என்றாள் மனைவி.

"கேக்கவே கஷ்டமா இருக்கும்மா," என்றார் இயக்குநர். உண்மையாகவே கஷ்டப்பட்டார், முகத்தில் தெரிந்தது. "அதனாலதான் எடுத்துட்டோம்."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்கில் எதை எடுத்து வைப்பது? பூவா தலையா போட்டா? பின்னாலேயே வந்த லேப் அம்மா படிக்கட்டு அருகில் நின்று, செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து சொன்னார்.

"ரெண்டும் நாலும். அந்த ரெண்டு கருவுலயும் நோய் துளிகூட இல்ல. எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். சொன்னா வேலை போயிடும். இப்பத்தான் கட்டமே இல்லையே, எதை மீறினேன்னு கேப்பாங்க?"

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வெட்கப்படவில்லை. நாலரை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. மூச்சு நன்றாக வந்தது. நன்றாக மூச்சு வந்தவுடன் மனிதனுக்கு என்ன தோன்றுமோ அது எனக்கும் தோன்றியது.

"அம்மா," என்றேன், "அந்தப் பழைய கட்டமெல்லாம் உங்ககிட்ட இருக்கும் இல்ல? ரெண்டுலயும் நாலுலயும் எது கொஞ்சம் உயரம்? கணக்கு எதுக்கு நல்லா வரும்? சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

லேப் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாள் கட்டைப் புரட்டினார். "இருக்கு சார். எட்டாம் எண்ணோட தாளும் இருக்கு. முதல்ல அதைப் படிக்கட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கும்மா, விடுங்க," என்றேன்.

"படிங்க," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவசரமே இல்ல. ஒண்ணுலேருந்து படிங்க."

படித்தார். அறுபத்து நான்கும். ஒவ்வொன்றுக்கும் மனைவி தலையை ஆட்டிக்கொண்டாள். பத்தாவது நாள் டாக்டர் அந்த இரண்டில் ஒரு கருவை அவராகவே எடுத்து வைத்தார். இரண்டா நான்கா என்று நான் கேட்கவில்லை.

பெண். நான்கு வயது ஆகிறது. ரத்தம் சுத்தமாக இருக்கிறது. கிட்டப்பார்வை, என் கடைக் கண்ணாடிதான். போன வாரம் பள்ளியில் சேர்க்கப் போனோம். விண்ணப்பத்தில் 'கருத் தகுதி மதிப்பெண்' என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. நான் இரண்டுக்கு இரண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரின் தாளை மெல்ல எட்டிப் பார்த்தேன். அவர் பிள்ளைக்கும் இரண்டுக்கு இரண்டு. அவருக்கு அடுத்தவர் பிள்ளைக்கும் அதேதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவர்கள் இருவரும் அதற்குள் என் தாளை எட்டிப் பார்த்து முடித்திருந்தார்கள். அவர்கள் முகத்திலும் சுரத்தில்லை.

"எட்டாம் எண்," என்று மனைவி கதவருகிலிருந்து கூப்பிட்டாள், "எழுதினது போதும், வாங்க."